எல்லாம் நானே கட்டினது

அவர் என்னிடம் கேட்காமல் விட்ட கேள்விகளிலிருந்துதான் அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்க முடியும்.

நான் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்த காலத்தில் எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது, “ஊரில எவடம்?” என்பதுதான். இடத்தைச் சொன்னால், “அதில எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிழக்கையோ மேற்கையோ?” என்பார்கள். அதற்கும் பதில் சொன்னால் என் சாதி அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு, “என்ன படிச்சனீர்?” நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கு இயல்பாகவே நாலு பேர் முன்னால் வாய் வராது. இந்தக் கேள்விகளுக்குப் பயந்து கல்யாண வீடுகளுக்குக்கூடப் போகாமல் இருந்திருக்கிறேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் சமையல்காரர்களின் உடுப்புகளையும் தோய்க்கிற ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் எனக்கு அன்று முதல் நாள். சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தன் பெட்டியைத் திறந்து பாதி இடியப்பத்தை என் பக்கம் தள்ளினார்.

“சாப்பிடு தம்பி. மெஷின் திரும்பத் தொடங்கினா நேரம் கிடையாது.”

அவ்வளவுதான். என் ஊரை அவர் அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது, “ஆ, நல்ல தண்ணி உள்ள இடம்” என்று மட்டும் சொன்னார்.

தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. உடுப்புகளை மெஷினுக்குள் போடுவதற்கு முன்னால் எல்லாப் பொக்கற்றுகளையும் தடவிப் பார்க்க வேண்டும். அவரால் அதைச் செய்ய முடியாது. ஒருவருடைய பொக்கற்றுக்குள் கை விடுவது என்றால் அவருக்குக் கூச்சம். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வரும்போது வெளியே தட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். ஒருநாள் யாரோ ஒருவருடைய பேனை உள்ளே போய் உடைந்து, ஒரு மெஷின் நிறைய வெள்ளை உடுப்பு நீலமாய் வெளியே வந்தது. மேற்பார்வையாளர் பிலிப்பைன்ஸ்காரர். தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏன் பாக்கேல்லை எண்டு கேக்கிறான், அண்ணை” என்றேன் நான்.

“அது அவையின்ர பொக்கற் எல்லோ, தம்பி.”

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் அவரை விரிப்பு மடிக்கிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். விரிப்புகளுக்குப் பொக்கற் இல்லை. அவர் சந்தோஷமாக மடித்தார்.

அவருடைய மனைவி ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டு வந்தவர் அவர். மனைவி புற்றுநோயில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. நாங்கள் வெக்ஸ்போர்ட்டில் சின்ன வீடு ஒன்று வாங்கியபோது கீழே பேஸ்மென்டில் அவரைக் குடிவைத்தோம். குடியுரிமைக்கு எழுதச் சொல்லிப் பலமுறை சொல்லியிருக்கிறேன். “எழுதுவம், எழுதுவம்” என்பார். எழுதவில்லை. அப்போது அது ஒரு பெரிய விஷயமாக எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

என் மனைவி எங்கள் இருவரையும் போலில்லை. வாய் உள்ளவள். “உங்கள் ரெண்டு பேருக்கும் கடவுள் வாயை என்னத்துக்குத் தந்தவர்? கொட்டாவி விடவோ?” என்பாள். ஒருநாள் அவரைச் சோதிப்பதற்கென்றே உப்புப் போடாமல் கறி வைத்தாள். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட்டு எழும்பினார்.

“என்ன அண்ணை, கறி எப்பிடி?”

“நல்லாயிருந்தது தங்கச்சி.”

“உப்பே போடேல்லை!”

“ஓ… அதுதான் ஒரு மாதிரி இருந்தது” என்றார்.

நாங்கள் மூவரும் சிரித்தோம். அவள் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள். “இவர் நஞ்சு வச்சாலும் கேக்காமல்தான் சாப்பிடுவார்” என்றாள்.

ஏன் அப்படி என்று ஒரே ஒருமுறை, பனி வழிக்கும்போது, அவராகச் சொன்னார். “ஊரில ஆமிக்காரன் கேட்டான். இயக்கப் பெடியள் கேட்டாங்கள். ஆர், எவடம், எங்க போறாய், பைக்குள்ள என்ன. மிச்சம் இருக்கிறது நான் ஒராள். நானும் கேக்கவோ?” சொல்லிவிட்டுப் பனியை வழித்துக்கொண்டு போனார்.

இறந்த மனைவியின் துவசத் திதிக்காக அவர் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாணம் போவார். அவர் போகிறார் என்ற செய்தி எப்படியோ பரவிவிடும். ரூஜிலிருந்தும் ஸ்ரௌவ்விலிலிருந்தும் எங்கள் வாசலுக்குக் கார்கள் வரும். பால்மா, சொக்லேற், வயதானவர்களுக்கு மருந்து, தைலம். எல்லாம் சுற்றி ஒட்டிய பார்சல்கள். திரும்பி வரும்போது மிளகாய்த்தூள், ஒடியல், கருவாடு. அவருடைய இரண்டு பெட்டிகளும் மற்றவர்களுடைய சாமானால் நிறைந்திருக்கும். அவருடைய உடுப்பு ஒரு கடைப் பைக்குள் இருக்கும். தந்த முடிச்சை அவர் அவிழ்த்தது கிடையாது. “என்ன இருக்கு அண்ணை உதுக்குள்ள?” என்று நான் கேட்டால், “குடுத்தவைக்குத் தெரியும்” என்பார்.

பார்சல் கொண்டு வருகிற எல்லோரும் போகும்போது அவருக்கு ஒரு பாடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். “எயார்போர்ட்டில கேட்டா, எல்லாம் நானே கட்டினது எண்டு சொல்லுங்கோ அண்ணை. வேற ஆக்கள் தந்தது எண்டால் தூக்கி எறிஞ்சுபோடுவாங்கள். ஊர்ச் சாமான், பாவம்.”

வேறு எதிலும் பொய் சொல்லாத மனுசன் அந்த ஆங்கில வசனத்தை மட்டும் பாடமாக்கி வைத்திருந்தார். “ஓல் மைன். ஐ பக்.” அது பொய் என்று அவருக்குத் தோன்றியதாக நான் நினைக்கவில்லை. கையில் வாங்கிவிட்டால் அது தன் பொறுப்பு. அப்போது அது தன்னுடையதுதான். அப்படித்தான் அவர் எண்ணியிருக்க வேண்டும். எங்கள் ஆட்களில் அந்த வசனத்தைச் சொல்லாமல் அந்த வாசலைக் கடந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

கடைசி முறை அவரைக் கூட்டிவர நான்தான் போனேன். அவர் வந்த விமானத்தின் ஆட்கள் தள்ளுவண்டிகளோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கருவாட்டு மணம் வந்தது. பிறகு கூட்டம் குறைந்தது. பிறகு வேறு விமானத்து ஆட்கள் வந்தார்கள். மனைவி போனில், “பெட்டி பிந்துதாக்கும். ஆரிட்டையேன் போய்க் கேளுங்கோவன்” என்றாள். நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. எனக்கு அது வராது. பின்னேரமளவில் அவரே போன் எடுத்தார்.

“தம்பி, என்னைப் பிடிச்சு வச்சிருக்கிறாங்கள். நீ வீட்டை போ. தங்கச்சி பாத்துக்கொண்டிருப்பா.”

மிளகாய்த்தூள் பார்சல் ஒன்றின் நடுவில் போதைத்தூள் இருந்திருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்த வழக்கறிஞர் ஒரு தமிழ்ப் பிள்ளை. இங்கே பிறந்தவள். சட்ட உதவி மூலமாகக் கிடைத்தவள். ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம் இருந்தது. முதல் சந்திப்பிலேயே அவள் சொன்னாள்: “இது பெடரல் கேஸ் அங்கிள். ஒன்ராறியோ மாகாணம் இல்லை, ஒட்டாவா மத்திய அரசின்ர ஆக்கள்தான் நடத்துவினம். வெளிநாட்டில இருந்து கொண்டு வந்தது எண்டால் சீரியஸ். வருசக் கணக்கில ஜெயில். நீங்கள் சிட்டிசன் இல்லை. சோ, ஜெயில் முடியத் திருப்பி அனுப்புவினம்.”

அவர் தலையாட்டினார்.

“ஆர் தந்தது?”

“ஒரு பெடியன். கொழும்பில நான் நிண்ட இடத்துக்கு, வெளிக்கிடுற அண்டைக்கு வந்தவன். அம்மா இடிச்ச தூள் எண்டு.”

“பேர்?”

“தெரியாது பிள்ளை.”

“ஊர்?”

“கேக்கேல்லை.”

“இங்க ஆருக்கு?”

“அண்ணன் வந்து எடுப்பான் எண்டு நம்பர் தந்தவன்.” அந்த எண் அடிக்கவே இல்லை என்று பொலிஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

“ஓ மை கோட், அங்கிள்” என்று அவள் பேனையை மேசையில் போட்டாள். “எயார்போர்ட்டில என்ன சொன்னீங்கள்?”

“எல்லாம் நானே கட்டினது எண்டு.”

“அதுக்குப் பிறகு? லோயர் வரும் வரைக்கும் பேசாமல் இருக்கலாம் எண்டு சொல்லியிருப்பினமே?”

“சொன்னவை. ஆனா அந்த மனுசன் மரியாதையாக் கேட்டுக்கொண்டிருந்தவர். எப்பிடிப் பிள்ளை பதில் சொல்லாமல் இருக்கிறது?”

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அவர் யாரையும் கேள்வி கேட்கமாட்டார் என்று இத்தனை காலம் பார்த்திருக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலும் இருக்கமாட்டார் என்பதை நான் கவனித்ததில்லை.

நான் பிணை நின்றுதான் அவர் வெளியே வந்திருந்தார். நான் கூடப் போகாமல் அவர் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பது நிபந்தனை. அவர் பேஸ்மென்ட் படியில் கால் வைத்தாலே, “எங்க அண்ணை?” என்று நான் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு நாக்குக் கூசியது. அவர் ஒருமுறையும் முகம் சுளிக்கவில்லை. “தண்ணி குடிக்க, தம்பி.” “குப்பை வைக்க, தம்பி.”

நல்லவர் என்று சொல்ல ஆட்கள் வேண்டும் என்றாள் வழக்கறிஞர். எத்தனை வருடம் எத்தனை பேருடைய பார்சலைப் பிரிக்காமல் கொண்டு வந்து கொடுத்தார் என்று அவர்கள் வந்து சொன்னால் உதவும். நான் போன் எடுத்தேன். நான் யாருக்கும் போன் எடுக்கிறவன் இல்லை. எடுத்தேன்.

“ஐயோ பாவம், அப்பிடியான மனுசன் இல்லையே” என்றார்கள் எல்லோரும். “ஆனா எங்கட பேரைத் தயவுசெய்து இழுக்காதேங்கோ. மகன் பாங்கில வேலை.” ரூஜில் ஓர் அன்ரி மட்டும் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அந்தப் பெட்டிக்குள்ள எங்கட கருவாடும் இருந்தது. அதையும் எடுத்துப்போட்டாங்களோ?”

மனைவி என் கையிலிருந்து போனைப் பறித்தாள். “இல்லை அன்ரி. கருவாட்டுக்குப் பிணை குடுத்திட்டாங்கள். வந்து கூட்டிக்கொண்டு போங்கோ” என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

வழக்குக்கு முன் ஒருநாள் அந்தப் பிள்ளை எங்கள் இருவரையும் இருத்தி, ஒன்றை மெதுவாக விளக்கினாள். “அங்கிள், உங்களுக்குத் தெரியாது எண்டதுதான் எங்கட டிபென்ஸ். தெரியாமல் கொண்டு வந்தால் குற்றம் இல்லை. ஆனா இன்னொண்டு இருக்கு. ஏதோ பிழை எண்டு சந்தேகம் வந்து, கேட்டால் தெரிஞ்சுபோகும் எண்டு கேக்காமல் விட்டால், அது தெரிஞ்சதுக்குச் சமன். கண்ணை வேணுமெண்டு மூடிக்கொண்டது எண்டு சொல்லுவினம். விளங்குதா?”

“விளங்குது.”

“உங்களுக்குச் சந்தேகம் வந்ததோ?”

கீழே கடையில் யாரோ சேலைக்கு விலை பேசுகிற சத்தம் கேட்டது.

“இப்ப சொல்ல வேண்டாம்” என்றாள் அவள். “என்ன சொல்லோணும் எண்டு நான் சொல்லித்தரவும் ஏலாது. யோசியுங்கோ. நீங்கள் சொல்ல எழும்பத் தேவையும் இல்லை. ஆனா சொல்லாட்டி நீங்கள் எயார்போர்ட்டில சொன்னதுதான் மிச்சம் நிக்கும்.”

காரில் வரும்போது நான் அவரைக் கேட்க நினைத்தேன். உங்களுக்குத் தெரியுமா அண்ணை என்று. வாய்வரை வந்தது. வோர்டன் வீதிச் சிவப்பு விளக்கில் அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்காதவர். நானும் கேட்கவில்லை.

நீதிமன்றத்தில் ஜூரி இல்லை. நீதிபதி ஒரு பெண். சாட்சிக் கூண்டில் அண்ணைக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றார். எங்கள் வழக்கறிஞர் பிள்ளை கேட்டபோது அவர் நன்றாகத்தான் சொன்னார். பிறகு அரசாங்க வழக்கறிஞர் எழும்பினார். மெலிந்த மனிதர், சத்தம் போடாதவர். மரியாதையாகக் கேட்டார். எனக்கு அப்போதே பயம் பிடித்தது.

எத்தனையோ மிளகாய்த்தூள் பார்சல் கொண்டு வந்திருக்கிறீர்கள். இது மற்றவற்றைப் போல இருந்ததா?

“கொஞ்சம் பாரமா இருந்தது.”

கையில் தூக்கியபோது என்ன நினைத்தீர்கள்?

அவர் எங்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை. கேட்டவரைத்தான் பார்த்தார்.

“ஒரு மாதிரித்தான் இருந்தது.”

எனக்கு அந்த உப்பில்லாத கறி நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஒரு மாதிரி என்றால்? உள்ளே வேறு ஏதோ இருக்கலாம் என்றா?

“இருக்கலாம் எண்டு நினைச்சன்.”

ஏன் கேட்கவில்லை?

“கேட்டா அந்தப் பெடியனைக் கள்ளன் எண்டு சொல்லுற மாதிரி. அம்மா இடிச்சது எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறான். அவன்ர முகம் வாடியிருக்கும்.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அரசாங்க வழக்கறிஞர், “தாங்க் யூ சேர்” என்று சொல்லி உட்கார்ந்தார். அவருக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

அவருக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இவர் எப்படிப்பட்டவர் என்று எங்கள் பிள்ளை கேட்டாள். நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. “நான் வந்து சேர்ந்த நாளில இருந்து இவர் என்னட்டை எந்த ஊர் எண்டு கேட்டதில்லை” என்றேன். மொழிபெயர்ப்பாளர் என்னைவிடச் சத்தமாக அதைச் சொன்னார். நீதிபதி இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்குவதென்றால் எங்கள் ஊர், கோயில், கிழக்கு, மேற்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அரசாங்க வழக்கறிஞர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. இவர் கெட்டவர் என்று தான் சொல்லவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் கேட்காமல் இருப்பதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார் என்று நீதிபதி சொன்னாராம். எங்கள் பிள்ளைதான் வெளியே வந்து சொன்னாள். அவளுடைய கண் சிவந்திருந்தது. “இல்லை எண்டு ஒரு சொல், அங்கிள்… ஒரு சொல்…” என்று தொடங்கி, என்னிடம் அதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, நிறுத்திக்கொண்டாள்.

சிறைக்குப் போய்ப் பார்ப்பேன். கண்ணாடி இல்லை, மேசைதான். அவர் மெலிந்துபோயிருந்தார். உள்ளே இருப்பவர்களுக்கு அவரைப் பிடிக்கும் என்றார். நீ என்ன செய்துவிட்டு வந்தாய் என்று அவர் யாரிடமும் கேட்பதில்லையாம்.

சில வருடங்கள் அப்படிப் போயின. நாடு கடத்துவதற்காக அவரை எயார்போர்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள தடுப்பு நிலையத்துக்கு மாற்றினார்கள். உடுப்புப் பெட்டி ஒன்று கொண்டு வரலாம் என்றார்கள். அவர் போன் எடுத்தார்.

“தம்பி, ஆரும் ஏதும் தந்தவையோ?”

எனக்கு விளங்கவில்லை. “என்ன அண்ணை?”

“ஊருக்குக் குடுக்க. நான் போறன் எண்டு தெரியும்தானே?”

யாரும் ஒன்றும் தரவில்லை. நான் அதைச் சொல்வதற்கு முன்னால் அவரே, “ஊரில இருக்கிற உன்ர அக்காவுக்கும் ஒண்டும் இல்லையோ?” என்றார்.

அந்தக் குரலுக்காகத்தான் நான் கட்டினேன். முழங்காலுக்குப் போடுகிற பட்டி, தைலம், ஒரு கம்பளிச் சட்டை. சுற்றி ஒட்டி, அக்காவின் பெயரை எழுதி, அவருடைய உடுப்புக்கு மேலே வைத்தேன். பாதிப் பெட்டி வெறுமையாக இருந்தது. அவருடைய பெட்டியில் வெறும் இடத்தை அன்றுதான் கண்டேன்.

தடுப்பு நிலையத்தில் ஓர் அதிகாரி பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார். அந்தப் பக்கம் அவர் நின்றார். இந்தப் பக்கம் நான். அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். இதெல்லாம் உங்களுடையதா? நீங்களே கட்டியதா?

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உடுப்பைத் தொட்டு, “மைன்” என்றார். பார்சலின்மேல் விரலை வைத்தார்.

“நோ. திஸ் வன் ஹிஸ். இன்சைட், ஐ டோன்ட் நோ.”

அதிகாரி பார்சலை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டார். பெட்டியை மூடினார். அவர் என்னை நோக்கிக் கையை உயர்த்தினார். மன்னிப்புக் கேட்கிறாரா, போய்வருகிறேன் என்கிறாரா என்று தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது.

பார்சலை முன்சீற்றில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி கதவைத் திறந்தாள். என் கையைப் பார்த்தாள்.

“என்ன, அண்ணையிட்ட பார்சலைக் குடுக்கேல்லையோ?”

“அண்ணை இந்தமுறை சரியாச் சொல்லிப்போட்டார்” என்றேன்.

அவள் பார்சலை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.